அவர் குறித்துவைத்த பிறந்த நாள்

எனக்கு எழுபது வயது இருக்கும். நாலு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு பேரின் பிறந்த நாளும் மனப்பாடம், என்னுடையதுதான் தெரியாது.

கள்ளக்குறிச்சியில் நான் கூட்டித் துடைக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு கம்ப்யூட்டர்காரர் வந்தார். ஒரு அறையில் தேதி குறித்தால் எல்லா அறைக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற காலண்டரைப் போட வந்தவர். ஒல்லியான ஆள், நரைத்த மீசை. நான் துடைத்த தரை காயும்வரை வாசலிலேயே நிற்பார்.

"சரியா வருதான்னு பாக்கணும். உங்க பொறந்த நாள் சொல்லுங்கம்மா, போடறேன்" என்றார்.

தெரியாது என்று சொல்ல ரோஷம் விடவில்லை. காலையில் தேதி கிழித்தது நினைவுக்கு வந்தது. "இன்னிக்குத்தாங்க" என்றேன்.

எல்லா அறையிலும் என் பேர் தெரிந்தது. "இன்னா ஆயா, சொல்லவேயில்ல!" என்று நர்சுகள் ஓடிவந்தார்கள். அவர் வெயிலில் போய்க் கேக் வாங்கிவந்து என் வாயில் ஊட்டினார்.

"எங்கம்மாவுக்கு ஒருதடவகூட வாங்கிக் குடுத்ததில்லங்க" என்றார். நானும் ஒரு துண்டு எடுத்து அவருக்கு ஊட்டினேன்.

வருஷாவருஷம் அந்தத் தேதியில் காலண்டர் என் பேரைக் காட்டுகிறது, கேக் வெட்டுகிறார்கள். அவர் மறுபடி வரவில்லை. வந்தால் உண்மையைச் சொல்வேனா, அதுவும் தெரியவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் பேத்தியைக் கேட்கிறேன்: "கண்ணு, நான் சொன்ன பொய்ய உட்டுடலியே? எங்க, படி."