கடைசி எட்டு இடங்கள்

தேனம்மை ஆச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் வண்டவாளமும் சேர்ந்தே வெளியே வரும். வரட்டும். அந்த வேலை இப்போது எங்கள் இருவருக்குமே இல்லை, ஒப்பந்தம் போன மார்ச்சில் முடிந்துவிட்டது. இனி எழுதுவதால் யாருக்கும் ஒன்றும் போய்விடாது.

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மாடியில் ஆறு பேர் வேலை பார்த்தோம். ஆஸ்திரேலியாவில் வயதானவர்களின் வீட்டுக்கே மருந்து அனுப்பும் ஒரு நிறுவனம். யாருக்கு என்ன மருந்து, எந்த முகவரி, எது ஒத்துக்கொள்ளாது என்ற விவரமெல்லாம் அவர்களுடைய மெயின்பிரேம் கம்ப்யூட்டரில் இருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மவுஸைத் தொடவே வேண்டாம், எல்லாம் விசைதான். அந்தக் கோப்புகளைத் தேடி எடுத்து, திறந்து பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. அவர்கள் நேரத்துக்கு ஒத்துப்போக எங்களுக்குக் காலை ஆறு மணிக்கே ஷிப்ட்.

ஆச்சிக்கு ஊர் கோட்டையூர். சென்னையில் இருபத்து மூன்று வருடம் இதே வேலையைப் பார்த்துவிட்டு, கொரோனாவுக்குப் பிறகு கணவரோடு ஊருக்குத் திரும்பியவர். ஐம்பத்தொரு வயது. முதல் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். எனக்கு அமராவதிபுதூர், பெயர் சிவபிரகாஷ், அவரைவிட ஏழு வயது இளையவன். வேலையில் நானும் பழுத்தவன்தான், அவரிடம் கற்றுக்கொள்ள வந்த ஆள் இல்லை. ஊர் வழக்கப்படி நாங்கள் எல்லோரும் அவரை ஆச்சி என்றோம். அவர் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

புதிதாக ஒரு கோப்பு வந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, “இது எந்தக் கோயில், எந்தப் பிரிவு?” என்பதுதான். நகரத்தார் வீட்டில் சம்பந்தம் பேசும்போது கேட்பார்களே, அதே தொனி. கோப்பு எங்கிருந்து வருகிறது, யார் எழுதுகிறார்கள், அடுத்து எங்கே போகிறது என்று தெரியாமல் அதைத் தொட மாட்டார். பார்க்க வேண்டும் என்றால் பிரௌஸில்தான் திறப்பார். அதில் பார்க்கலாம், ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் மட்டும் எடிட். மாற்றி முடித்ததும் மறுபடி பிரௌஸில் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரு பார்வை. இரண்டாயிரம் வரியில் ஒரு வரியைத் திருத்தினாலும் இதே கதைதான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருக்கோடிவரை போய் மறுபடி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜாதி என்று நான் அவரை ஓட்டுவேன். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

என் வழி வேறு. பார்ப்பதற்கும் எடிட், திருத்துவதற்கும் எடிட். பிரௌஸுக்கு ‘பி’, எடிட்டுக்கு ‘இ’ என்று தட்ட வேண்டும்; என் விரலுக்கு ‘இ’ ஒன்றுதான் தெரியும்.

போன வருடம் ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு நோயாளியின் கதவு எண்ணைத் திருத்த வேண்டும் என்று ஆச்சிக்கு அவசர ஐ.டி. கொடுத்திருந்தார்கள். நேரடியாக ஓடிக்கொண்டிருக்கிற கோப்பை நாங்கள் அன்றாடம் பயன்படுத்துகிற ஐ.டி.யால் பார்க்கவோ திருத்தவோ முடியாது. காரணம் எழுதி, அனுமதி கேட்டு, நாற்பது நிமிடம் காத்திருந்தால் ஒருவர் பெயரில் ஒரு நாளைக்கு மட்டும் அந்த ஐ.டி. வரும். அதை இன்னொருவர் கையில் கொடுத்தால் வேலை போய்விடும். மாயக்கண்ணன் என்று ஒருவர் எங்களோடு இருந்தார். ஐ.டி.யைக் கொடுத்தார் என்று தெரிந்த அன்று மத்தியானமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பதரை மணிக்கு ஆச்சி கதவு எண்ணைத் திருத்திச் சேமித்தார். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து போன். வீட்டுக்குத் தண்ணீர் லாரி வந்து நிற்கிறதாம், கேட் சாவி இவர் கைப்பையில் இருக்கிறதாம், வாங்கிப்போகக் கணவர் வாசலில் நிற்கிறாராம். எழுந்தவரிடம் நான் கேட்டேன், அதே கோப்பில் ஒரு விவரம் பார்க்க வேண்டும், அதற்காக நாற்பது நிமிடம் அனுமதிக்கு நிற்க வேண்டுமா என்று. அவர் தயங்கினார். எனக்கு இன்றைக்கும் அந்தத் தயக்கம் தெரிகிறது.

“பாக்க மட்டும் பாரு” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். கோப்பைத் திறந்தேன், எடிட்டில்தான். இன்னொரு திரையில் அந்தக் கோப்பைப் படிக்கிற புரோகிராமைத் திறந்தேன். இரண்டு திரையும் ஒன்றன் பின்னால் ஒன்று இருக்கும், ஒரு விசையைத் தட்டினால் மாறி மாறி வரும். புரோகிராமில் வரி எண்கள் தாறுமாறாகக் கிடந்தன. எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ரீநம்பர் என்று கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு வரியின் கடைசி எட்டு இடத்திலும் வரிசை எண்ணை அதுவே போட்டுவிடும். புரோகிராமில் அந்த எட்டு இடம் அதற்கென்றே காலியாக விட்டது. கட்டளை, என்டர், சேமித்து வெளியேறுகிற விசை, மூன்றையும் ஒரே ஓட்டத்தில் தட்டினேன். கண் செல்போனில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் புரோகிராமில் எண் மாறவில்லை. விசை சரியாக விழவில்லை போல என்று மறுபடி தட்டினேன், மாறியது. எழுந்து என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

ஆச்சி மேலே வந்து, தன் வழக்கப்படி கோப்பைப் பிரௌஸில் திறந்தார். மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

“சிவபிரகாசு, இங்குட்டு வா. இந்தக் கடைசி எட்டு எடத்துல என்ன இருக்குன்னு பாரு.”

பார்த்தேன். நூறு, இருநூறு, முந்நூறு என்று வரிக்கு வரி எண் ஏறிக்கொண்டே போனது. நான் முதல் முறை தட்டியபோது முன்னால் இருந்த திரை புரோகிராம் இல்லை, நோயாளிகளின் கோப்பு. அதில் கடைசி எட்டு இடம் காலி இடம் இல்லை. எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதற்கான குறியீடு அங்கேதான் இருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்கும் ஒரே அடியில் போய்விட்டது.

பத்தரைக்கு இந்தக் கோப்பை எடுத்து மருந்துப் பொட்டலங்களுக்கு கம்ப்யூட்டர் தானாகவே லேபிள் அடிக்கும், அந்த மாதிரி ஓட்டத்துக்கு எங்கள் பேச்சில் ஜாப் என்று பெயர். அதற்குத் தெரிந்த குறியீடாக இருந்து, அந்த மருந்தே பொட்டலத்திலும் இருந்தால் சிவப்பில் எச்சரிக்கை அடித்துப் பொட்டலத்தை நிறுத்தும். தெரியாத குறியீடாக இருந்தால் பேசாமல் அனுப்பிவிடும். தனியாக இருக்கிற ஒரு கிழவரோ கிழவியோ வாங்கிப் பிரித்துப் போட்டுக்கொள்வார்கள். முப்பத்தெட்டு நிமிடம் இருந்தது.

நான்தான் ரீநம்பர் அடித்தேன் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. எதை எதைத் தட்டினாய் என்று மட்டும் கேட்டார், சொன்னேன். பிறகு என் மூளை தன் லட்சணத்தைக் காட்டியது.

“நேத்து ராத்திரிக் காப்பி இருக்குல்ல ஆச்சி. அதைத் தூக்கி மேல போட்டுருவோம். ரெண்டு நிமிசம். யாருக்குத் தெரியப்போகுது?”

அவருக்கும் ஆசை வந்தது. அதை மறைத்து எழுதினால் அவரைச் சாமியாக்கியது போல ஆகிவிடும், அவர் சாமி இல்லை. காப்பி எடுக்கிற கட்டளையைத் தட்டி முடித்துவிட்டு என்டர் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடித்தால் மாயக்கண்ணன் கதை தனக்கு இல்லை, லேபிளும் வந்துவிடும். பிறகு கட்டளையை அழித்துவிட்டு இரண்டு கோப்பின் வரிகளையும் எண்ணச் சொன்னார். நேற்றையது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. இன்றையது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்தொன்பது.

“காலையிலருந்து அங்க யாரும் சும்மாவா ஒக்காந்திருப்பாக? மூணு பேரு புதுசா வந்திருக்காக. மத்ததுல எத்தனை மாத்தியிருக்காகளோ, அத யாரு கண்டா” என்றார்.

சரியாகச் செய்ய ஒரு மணி நேரமாவது வேண்டும். ஜாப்பை நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டும். நிறுத்த வேண்டுமென்றால் அங்கே பணியில் இருக்கிற ஆபரேட்டரிடம் காரணமும் பெயரும் சொல்ல வேண்டும். ஆச்சி ஹெட்செட்டை எடுத்து மாட்டினார். நானும் அதே அழைப்பில் என் இடத்திலிருந்து சேர்ந்துகொண்டேன், என் மைக்கை அணைத்து வைத்திருந்தேன்.

கோப்பில் கடைசி எட்டு இடம் அழிந்துவிட்டது, ஒவ்வாமைக் குறியீடு, ஜாப்பை நிறுத்துங்கள் என்று ஆச்சி இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். ஆபரேட்டர் அம்மாள் கேட்டார், உங்கள் நேரத்துக்குப் பதினொன்றரைக்கு மருந்து வண்டிகள் கிளம்பியாக வேண்டும், அதற்குள் முடியுமா? முடிப்போம் என்றார் ஆச்சி. சரி, நிறுத்திவிட்டேன் என்றார் அந்த அம்மாள், பிறகு கேட்டார்: இதைச் செய்தது யார்?

நான்கு தப்படி தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன். மைக் பொத்தான் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. ஆச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

“ஐ.டி. என் பேரில் இருக்கிறது. தப்பு என் திரையில் நடந்தது” என்றார்.

பிறகு வேலை. நேற்றைய காப்பியிலிருந்து அந்த எட்டு இடத்தை மட்டும் எடுத்து, நோயாளி எண்ணை ஒப்பிட்டு, இன்றைய கோப்பின் பிரதி ஒன்றில் பொருத்துகிற சின்ன ஜாப் ஒன்றை நான் எழுதினேன். இரண்டு முறை தப்பாக எழுதி, மூன்றாவது முறைதான் ஓடியது. மணி பத்து நாற்பத்தேழு. ஆச்சி அதற்குள் அன்றைக்குக் காலையிலிருந்து கோப்பில் யார் யார் எதை மாற்றினார்கள் என்கிற பதிவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருந்தார். புதியவர்கள் மூன்று பேர், மாறியவர்கள் ஒன்பது பேர். பன்னிரண்டு வரி. அவர் எண்ணைப் படிக்க நான் சரிபார்த்தேன், பிறகு நான் படிக்க அவர் சரிபார்த்தார்.

பத்தாவது வரியில் நிறுத்தினார். எழுபத்தாறு வயதுப் பெண். நேற்றைய காப்பியில் அந்த எட்டு இடம் வெறுமையாக இருந்தது, எல்லா மருந்தும் ஒத்துக்கொள்ளும் என்று அர்த்தம். இன்று காலை, எங்கள் நேரத்துக்கு ஆறேகால் மணிக்கு, யாரோ அதில் பென்சிலின் குறியீட்டைப் போட்டிருந்தார்கள். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குப் போகவிருந்த பொட்டலத்தைப் பார்த்தோம். பென்சிலின் வகைதான், பத்து நாளைக்கு.

நான் சொன்ன இரண்டு நிமிட யோசனைப்படி செய்திருந்தால் அது போய்ச் சேர்ந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது என்று நான் சொன்னதும் பலித்திருக்கும். ஆச்சி குறியீட்டைத் தட்டினார், எட்டு இடத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். எனக்கு அழுகை முட்டியது. அழுவதற்கு நேரம் இல்லை, இன்னும் இரண்டு வரி பாக்கி இருந்தது.

பதினொன்று ஐந்துக்குப் பிரதியை நிஜக் கோப்பாக மாற்றினோம். ஆச்சி மேலிருந்து கீழே வரை ஒரு முறை பார்த்தார். அன்றைக்கு நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். பதினொன்று பத்துக்கு ஜாப் ஓடியது. இருபத்தாறுக்கு லேபிள்கள் வந்துவிட்டன, நாற்பத்தொரு பொட்டலத்தை நிறுத்தியிருக்கிறது என்று ஆபரேட்டர் சொன்னார். அதில் அந்தப் பெண்ணுடையதும் ஒன்று.

விசாரணை மூன்று நாள் நடந்தது. சென்னையில் இருந்த எங்கள் மேலாளர் செம்மலை, ஆச்சியை மட்டும் போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசினார். நான் ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு வந்து, சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கடன், பிள்ளையின் படிப்பு என்று மனசு காரணங்களை அடுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் தீர்ப்பு வந்தது. கைத்தவறு, தானே முன்வந்து சொன்னதால் எச்சரிக்கையோடு போகிறது. ஆனால் இனி தேனம்மைக்கு எந்தக் கோப்பையும் திருத்துகிற உரிமை கிடையாது, பார்க்க மட்டும்தான். இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவருக்கு!

அன்றைக்கு மத்தியானம் ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். செம்மலைக்கு நானே போன் போட்டு உண்மையைச் சொல்கிறேன் என்று ஆச்சியிடம் எப்படியாவது சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். நான் வாயைத் திறக்கும் முன் அவர் பேசினார்.

“அன்னைக்குப் போன்ல நீ வாயத் தொறக்காம இருந்த பாரு, அதுதான் என்னயக் காப்பாத்துச்சு. நாந்தான் அடிச்சேன்னு நீ சொல்லியிருந்தா, ஐ.டி.ய அடுத்த ஆளுக்குக் குடுத்தேன்னு ஆகி, மாயக்கண்ணன் மாதிரி என்னயும் அன்னைக்கே அனுப்பியிருப்பாக. நான் உன்னயத் திரும்பிப் பாத்ததே, பேசிறாதன்னு சொல்லத்தான். புரிஞ்சுக்கிட்ட. நல்லா இருப்ப.”

அவர் பார்வைக்கு அப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்று எனக்கு அந்த நிமிடம்வரை தோன்றவே இல்லை. நான் யாரையும் காப்பாற்ற நினைக்கவில்லை. பயந்துபோய்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

கோட்டையூர் பஸ் வந்தது. அவர் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சரி போ என்று கையை அசைத்தார்.

“சரிங்க ஆச்சி” என்று சொல்லி அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.