காக்கிச் சட்டைக்கு நாலு பாக்கெட்

இன்னைக்கு சுடிதார் தைக்கக் கொடுக்க மார்த்தாண்டத்தில் டெய்லர் கடைக்குப் போயிருந்தேன்.

எனக்கு முன்னால் குலசேகரத்திலிருந்து வந்த ஒரு அம்மாவும் மகளும். காலேஜ் ஒர்க்‌ஷாப்புக்குக் காக்கிப் பேண்ட், சட்டை தைக்கணுமாம்.

“பையனைக் கூட்டிட்டு வாங்க, அளவு எடுக்கணும்லா” என்றார் டெய்லர் அண்ணன்.

“பையனுக்கு இல்ல, இவளுக்காக்கும். மெக்கானிக்கல் சீட் கிடைச்சிருக்கு” என்றார் அம்மா. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிற அம்மாவாம். முகமெல்லாம் சிரிப்பு.

அண்ணன் அளந்து எழுதினார். அந்தப் பிள்ளை நோட்டை எட்டிப் பார்த்தது.

“அண்ணே, பாக்கெட் எழுதல்லியே?”

“பொம்பளப் பிள்ளையளுக்கு நான் வைக்கதில்ல மக்கா.”

“அப்போ ஸ்பேனரை எங்க வைக்க?”

அண்ணன் நோட்டை மறுபடி பக்கத்தில் இழுத்தார். பிறகு நாலு பாக்கெட் என்று எழுதினார்.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. “அண்ணே, என் சுடிதாருக்கும் ரெண்டு வைங்க.” பின்னால் நின்ற இரண்டு அக்காமாரும் “எங்களுக்கும்” என்றார்கள்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி எங்களை வரிசையாகப் பார்த்தார்.

“நீங்க எல்லாரும் எந்தக் காலேஜ்?”

காலேஜ் எல்லாம் முடிஞ்சு இருபது வருஷம் ஆச்சு. பாக்கெட் வச்ச சுடிதார் சனிக்கிழமைதான் கைக்கு வருது. உங்க சுடிதாருக்குப் பாக்கெட் உண்டா மக்கா?