ரெமி சொன்ன இடம்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து வடக்குக் கோடியில் மான் வேட்டைக்காரர்கள் சொல்லும் பொய்யை யாரும் பொய்யாக எண்ணுவதில்லை. எந்தச் சரிவில் காத்திருப்பாய் என்று கேட்டால் வேறு ஓர் இடத்தைத்தான் சொல்வார்கள். கேட்டவரும் தலையாட்டிவிட்டு அந்த இடத்தைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவார். ஒரே வீட்டில் ஒரே சட்டிச் சாப்பாடு சாப்பிடுகிறவர்களும் இதற்கு விலக்கல்ல.

நோயெல்லா திபோ பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கணவன் போன பிறகு மகன் ரெமிக்குத் துப்பாக்கி பிடிக்கப் பழக்கியவளும் அவள்தான். அந்த ரெமி ஆகஸ்டில், மரம் வெட்டும் வேலையில், சாய்ந்த மரத்தின் அடியில் சிக்கிச் செத்துப்போனான். அடக்கத்தன்று அவள் அழவில்லை. பள்ளி திறந்ததும் பேருந்தை எடுத்தாள். ஊர் பேசியது, ஊருக்கு வேறு என்ன வேலை? பல் பிடுங்க ஊசி போட்டதுபோல அவளுக்கு உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

இப்போது நவம்பர். சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. மலையில் ஏதோ ஒரு மரத்தில், ரெமி மானுக்காகக் காத்திருக்கக் கட்டிய பரண் இருக்கிறது. அதில் இன்னொருத்தன் ஏறி உட்காருவதை மட்டும் அவளால் தாங்க முடியாது. அதற்குள் அதை இறக்கிவிட வேண்டும். வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு, கணவனின் தம்பி ஆர்மனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"அவன் உங்ககிட்ட எதுவும் சொல்லலியா அண்ணி?"

"கிழக்கால, பீவர் குட்டைக்கு மேல, ரெட்டைப் பாறைகிட்டன்னான். அதனாலதான் வடக்கால போவோம்ங்கறேன்."

ஆர்மனுக்கும் அது நியாயமாகவே பட்டது.

வடக்குச் சரிவில் பாதை என்று ஒன்று கிடையாது. உதிர்ந்த இலைகள் நனைந்து வழுக்கின. மேலே போகப் போக ஊசியிலை மரங்கள் நெருங்கிக்கொண்டு முகத்தைக் கீறின. உச்சிக்கருகில் பனி விழுந்திருந்தது. நோயெல்லா இரண்டு முறை விழுந்து எழுந்தாள். உள்ளங்கையில் ரத்தம் வந்ததை ஆர்மன் சொல்லித்தான் பார்த்தாள்.

"உங்க மகன் பரண் கட்டினானா, வானத்துல தொங்கவிட்டானா?" ஆர்மன் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கட்டையில் உட்கார்ந்தான். "எதுக்கும் அந்தக் குட்டைப் பக்கம் ஒரு எட்டு பாத்துடலாம் அண்ணி."

"உண்மையைச் சொல்றதுக்கு அவன் என்ன கிறுக்கனா?"

ஆனாலும் போனார்கள். மலைமுதுகைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் குட்டை. அதற்கு மேலே ரெட்டைப் பாறை. பாறையை ஒட்டிய மரத்தில் பரண். பரணில் சொந்தக்காரர் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டப்படி அடித்த தகட்டில் ரெமி திபோ என்று இருந்தது.

"பய நெசத்தைச் சொல்லியிருக்கான்," என்றான் ஆர்மன்.

நோயெல்லா பரணையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன். அவனாத்தான் வந்து சொன்னான். நீ எங்கம்மா உக்காருவேன்னு கேட்டான். பழைய சர்ச்சுக்குப் பின்னால ஆப்பிள் தோப்புலன்னேன். நான் திரும்பிக்கூடப் பாக்கல."

"எப்போ?"

"ரெண்டு மூணு வருஷம் இருக்கும்."

ஆர்மன் தொப்பியைக் கழற்றினான். "அந்தத் தோப்புல நான் கால் வெச்சதுக்குத்தான் போன வருஷம் என் சட்டையைப் பிடிச்சான். காரணம் கேட்டா வாயத் தொறக்கல. வேற யாரையும் அந்தப் பக்கம் விடல அண்ணி. அந்த சீசன்ல பாதி நாள் தோப்புக்குப் போற வழியிலயே காவலுக்கு நின்னான்."

அவள் சொன்னதை அவன் அப்படியே நம்பியிருக்கிறான். அவளோ ஒரு நாளும் அந்தத் தோப்பில் உட்கார்ந்ததில்லை. ஈர இலைகளின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதமாக வராத வலி இப்போது வந்தது.

"தெக்கால ஓடை ரெண்டாப் பிரியுதில்ல," என்று ஆரம்பித்தாள்.

"வேணாம் அண்ணி, என் காதுல போடாதீங்க." ஆர்மன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான்.

அவள் அவனிடம் பேசவில்லை. வெற்றுப் பரணை அண்ணாந்து பார்த்து, தான் உட்காரும் இடத்தை, எந்த மரம், எந்தப் பக்கம் என்று ஒன்று விடாமல் சொன்னாள்.