செவ்வாய்க்கிழமை சுட்ட ஐந்து குண்டுகள்

வங்காளத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்த வருஷங்கள் அவை. நான் தலைநகரில், லால்தீகிக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் குமாஸ்தாவாக இருந்தேன். கடை ஒரு வெள்ளைக்காரத் துரையுடையது. திருநெல்வேலிச் சைவக் குடும்பத்துப் பிள்ளை வேட்டைத் துப்பாக்கி விற்கிற இடத்தில் வேலை பார்ப்பதை ஊருக்கு எழுதவேண்டாம் என்று என் மனைவி சொன்னாள். இரும்புச் சாமான் கடை என்று எழுதினேன்.

கடிதங்களுக்குப் பதில் டைப் அடிப்பதும், பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவதும் என் வேலை. கண் எனக்கு நன்றாக இருந்ததால் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. வாரத்தில் ஒரு காலையோ இரண்டு காலையோ கடையின் துப்பாக்கி மிஸ்திரியுடன் பாலிகஞ்ச் மைதானத்துக்குப் போய், அவர் சுடும் குண்டு எங்கே விழுகிறது என்று தூரக்கண்ணாடியில் பார்த்துச் சொல்லவேண்டும்.

மிஸ்திரி, துப்பாக்கிப் பட்டறைகளுக்குப் பேர்போன முங்கேர்க்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். மணல் மூட்டைமேல் ரைபிளைக் கிடத்தி, பாயில் படுத்துச் சுடுவார். எண்ணெய் போட்ட குழாயிலிருந்து போகும் முதல் குண்டை அவர் கணக்கில் எடுப்பதில்லை. அதன்பிறகு ஐந்து. ஐந்தும் ஒரே இடத்தில் கூடியிருந்தால்தான் துப்பாக்கியின் குறியைத் தொடுவார். குழாய் முனையில் நிற்கும் சின்னக் குறிக்கு அவர்கள் மொழியில் மக்கி என்று பெயர், ஈ என்று அர்த்தம். குண்டு வலப்பக்கம் போனால் ஈயையும் வலப்பக்கம் தட்டுவார், தாழப் போனால் அதன் தலையை அரத்தால் ஒரு இழுப்பு இழுப்பார். குண்டு எந்தப் பக்கம் தப்புகிறதோ அந்தப் பக்கமே ஈயும் போகவேண்டும். எனக்கு அது பழக நாளாயிற்று. பின்னால் மடக்கி நிமிர்த்தும் மூன்று தகடுகள் இருக்கும், நூறு கஜத்துக்கு ஒன்று, இருநூறுக்கு ஒன்று, முந்நூறுக்கு ஒன்று. ஒவ்வொரு தகட்டின் பள்ளத்தையும் அந்தத் தூரத்தில் சுட்டுப் பார்த்து, அராவி, மறுபடி சுட்டுப் பார்ப்பார். ஒரு ரைபிளுக்கு ஒரு காலை முழுவதும் ஆகும்.

அஸ்ஸாம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவருக்காக ஒரு சனிக்கிழமை அப்படி ஒரு ரைபிளைச் சரி செய்தோம். முந்நூறு கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு சாண் அகலத்துக்குள் விழுந்தன. சுட்ட காகிதத்தில் தேதி போட்டுச் சுருட்டி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தத் துரையே மைதானத்துக்கு வந்தார். தன் கையால் சுட்டுப் பார்க்காமல் எடுத்துப்போக மாட்டேன் என்றாராம். அவர் சுட்டபோது ஐந்தும் கூடித்தான் விழுந்தன, ஆனால் ஒரு சாண் வலப்பக்கம் தள்ளி. ஆளுக்கு ஆள் கண் வேறு, தோளில் அணைக்கிற விதம் வேறு. மிஸ்திரி ஈயை ஒரு தட்டுத் தட்டினார். துரை அதே முந்நூறு கஜத்தில் மறுபடி ஐந்து சுட்டார். காகிதத்தின் நடுவில் என் விரித்த கையால் மூடிவிடுகிற அளவுக்குள் ஐந்து ஓட்டை. அதிலும் தேதி போட்டேன். துரை மிஸ்திரிக்கு ஒரு சுருட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்துக் கடை மேஜையில் கிடந்த பத்திரிகையில் அந்தத் தோட்டத்தின் பெயரைப் பார்த்தேன். கூலி ஒருவன் குண்டடிபட்டு இறந்தான் என்று ஆறேழு வரி. காட்டோரத்தில் முந்நூறு கஜத்தில் நின்ற சிறுத்தையைக் குறிவைத்தேன், ரைபிள் புதிது, ஒருபக்கமாக இழுத்துவிட்டது, பத்தடி தள்ளி விறகோடு வந்தவன்மேல் பட்டுவிட்டது என்று துரை சொல்லியிருந்தார். இறந்தவன் பெயர் இல்லை. வாசித்துவிட்டு அன்றைய தபாலைப் பிரித்தேன்.

அந்த வாரமே மாஜிஸ்திரேட்டின் கடிதம் வந்தது. ரைபிளைக் கொடுப்பதற்கு முன் கடை சோதித்ததா, யார் சுட்டது, முந்நூறு கஜத்தில் அது நேராகச் சுட்டதா என்று கேட்டிருந்தார்கள். முதலாளி தன் அறைக்குள் என்னைக் கூப்பிட்டுப் பதிலைச் சொல்ல ஆரம்பித்தார். கடையின் மிஸ்திரி சோதித்தார். அவர் கையில் நேராகச் சுட்டது. ஒருவர் கண்ணுக்குச் சரி செய்த ரைபிள் இன்னொருவர் கையில் ஒரு பக்கமாக விலகக்கூடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது.

நான் பென்சிலை நிறுத்தினேன். செவ்வாய்க்கிழமை அந்தத் துரையே வந்து சுட்டார், அவர் கண்ணுக்கே சரி செய்து கொடுத்தோம் என்று சொன்னேன்.

"கடை சோதித்ததைத்தான் கேட்டிருக்கிறார்கள்" என்றார் முதலாளி. "கடை சோதித்தது சனிக்கிழமை. அந்தக் காகிதத்தை மட்டும் சேர்த்து அனுப்பு."

அவர் குரலில் கோபம் இல்லை. மீதியையும் எழுதிக்கொண்டு என் மேஜைக்கு வந்தேன். டைப் அடித்தேன். ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லாமல் வந்தது. கையெழுத்து வாங்கி, சனிக்கிழமைக் காகிதத்தை மடித்து உள்ளே வைத்து ஒட்டினேன். இப்போதாவது ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. மத்தியானம் பசித்தது, கொண்டுபோயிருந்த தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் மிஸ்திரி என் மேஜைக்கு வந்தார். கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். நகலை எடுத்து இந்துஸ்தானியில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார்.

"எல்லாம் சரிதான் பாபு. அந்தச் செவ்வாய்க்கிழமை எங்க?"

"அவங்க கேக்கல, மிஸ்திரிஜி."

அவர் உள்ளே போய், செவ்வாய்க்கிழமைக் காகிதத்தை எடுத்துவந்து என் மேஜைமேல் விரித்தார். நடுவில் ஐந்து ஓட்டை. நான் எழுதிய தேதி. அவர் போன பிறகு அதைச் சுருட்டித் திரும்ப அலமாரியில் வைத்தேன். மறுநாளே அதை ஓர் உறையில் போட்டு அனுப்பியிருக்கலாம். விலாசம் எனக்குத் தெரியும், தபால் பை என் கையில்தான் இருந்தது. அனுப்பவில்லை. பயந்தேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்குப் புரியும், ஆனால் எனக்கு நினைவிருக்கிறவரை அது பயம் இல்லை. வீடு இருந்த காளிகாட்டிலிருந்து டிராமில் வந்து இறங்கி, மேஜையில் உட்கார்ந்து, மாலையில் திரும்பினேன். அப்படியே நாட்கள் போயின.

தீர்ப்பும் பத்திரிகையில்தான் வந்தது. தற்செயல் என்று துரையை விட்டுவிட்டார்கள். ரைபிள் வேறு கையில் விலகக்கூடும் என்று கடையே சொல்லியிருக்கிறது என்று ஒரு வரி இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எழுதியது தப்பு என்பாள், அல்லது வேலை முக்கியம் என்பாள் என்று நினைத்தேன். அவள் வேறொன்று கேட்டாள்.

"செத்தவனுக்கு யாரும் இருக்காகளா?"

"தெரியல."

"நீங்க கேக்கலையா?"

"யார்கிட்ட கேக்க?" என்றேன். அவள் கீரைத் தண்டுகளை ஒதுக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

மிஸ்திரி மழைக்காலம் முடிவதற்குள் வேலையை விட்டார். அண்ணன் பட்டறைக்குப் போவதாக முதலாளியிடம் சொன்னார். ஹவுரா ஸ்டேஷன்வரை கூடப் போனேன். அவருடைய அரங்களைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ரயில் கிளம்பும்போது சலாம் சொன்னார்.

அடுத்த குளிர்காலத்தில் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் குமாஸ்தா, நடுவயது வங்காளி, தோட்டாப் பெட்டிகள் வாங்கக் கடைக்கு வந்தார். பெட்டிகளைக் கட்டும்வரை என் எதிரில் உட்கார்ந்திருந்தார். சிறுத்தையைச் சுடப்போய் ஒருவன் செத்தானே, அவனுக்குக் குடும்பம் இருந்ததா என்று கேட்டேன். அவர் யோசித்தார். கஞ்சம் ஜில்லாவிலிருந்து வந்தவன், பெண்சாதி உண்டு, ஒரு பிள்ளை உண்டு என்றார். அவர்கள் இப்போது எங்கே என்று கேட்டேன்.

"வேற தோட்டத்துக்கு அனுப்பிட்டாங்க மோஷாய். எந்தத் தோட்டம்னு ஞாபகம் இல்ல."

வேண்டுமானால் விசாரித்து எழுதுகிறேன் என்றார். சரி என்று என் விலாசத்தைக் கொடுத்தேன். அவருக்கு அஸ்ஸாம் போகும் நீராவிப் படகைப் பிடிக்கிற அவசரம், பெட்டிகளைக் கூலியாளின் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அவர் எழுதவில்லை. நான் நினைவூட்டிக் கடிதம் போடவும் இல்லை. அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்குமேல் அந்தக் கடையில் இருந்தேன், செவ்வாய்க்கிழமைக் காகிதம் அந்த அலமாரியிலேயே இருந்தது.