செம்மறியைச் செம்மறி என்றே விற்றேன்

கறிக்கடைக்காரன் சத்தியம் பண்ணினால் கேட்பவருக்குச் சந்தேகம்தான் அதிகமாகும். தராசு பிடித்துப் பேச்சு வாங்கிய எல்லாருக்கும் இது தெரியும். செஞ்சி பஜாரில் என் நைனாவுக்குப் பிறகு ஆட்டுக்கறிக் கடையை நடத்துகிறவன் நான். போன வருஷம் எதிரிலேயே இன்னொரு கடை வந்தது. அங்கே எது தொங்கினாலும் கேட்பவருக்கு அது வெள்ளாடுதான். எங்கள் கிறிஸ்தவ சபைக்காரர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் கறி ஆகாது, மற்றவர்களுக்குப் புரட்டாசியில் ஆகாது. மிச்சமிருக்கும் வியாபாரமும் எதிரே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று என் மனைவி ஸ்டெல்லா தினமும் சொல்ல ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாக்கு

தவக்காலம் தொடங்கும் முன் ஒரு வாரம் அவலூர்பேட்டைச் சந்தைப் பக்கம் அலைந்தும் வெள்ளாடு அமையவில்லை, செம்மறிதான் கிடைத்தது. சாமியார் பிரசங்கத்தில் செம்மறிக்கு மோட்சம், வெள்ளாட்டுக்கு நரகம். கறி வாங்க வருகிறவர்களுக்கு நேர்மாறு. விடிகாலைப் பூசையில் நற்கருணை வாங்கிய நாக்கால் ஏழு மணிக்குப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "செம்மறி" என்றேன். பாதிப் பேர் எதிர்க்கடைக்கு நடந்தார்கள். எங்கள் கோவில் உபதேசியாரே பையை மடித்துக்கொண்டு அலுத்துக்கொண்டார்.

"நீ சொல்லலன்னா எனக்கு இன்னா தெரியப் போவுது? இப்ப தெரிஞ்சிட்டு எப்பிட்றா சாப்புடுறது?"

வால்

உரித்த ஆட்டில் வாலை மட்டும் விட்டுவைப்போம். குட்டையாக நிமிர்ந்திருந்தால் வெள்ளாடு என்று வாங்குகிறவர் தெரிந்துகொள்வார். என்னிடம் கறி வெட்டும் கண்ணன் என் மேல் பரிதாபப்பட்டு, முந்தின நாள் வெள்ளாட்டின் வாலை எடுத்துவைத்து, ஊசி நூலால் செம்மறியில் தைத்துக்கொண்டிருந்தான். தையலைக் குறை சொல்ல முடியாது. வந்த கோபத்தில் பிய்த்துத் தெருநாய்க்கு வீசினேன். அவனுக்கு மனசே ஆறவில்லை.

"கடைய தூக்கி நிறுத்தற வாலுண்ணா அது, நாய்க்குப் போட்டுட்டியே!"

ஒரு வாய் பிரியாணி

தவக்காலத்தில் கறியை வெட்டுவேன், விற்பேன், வாயில் வைக்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக பிரியாணிக் கடை போட்டவர், என் கறியில் செய்த பிரியாணியை இலையோடு கொண்டுவந்து நீட்டினார். ருசி பார்த்து நல்லாயிருக்கிறது என்று சொன்னால் தினமும் என்னிடமே எடுப்பாராம். அந்த ஒரு வாய் உள்ளே போனால் கடை பிழைத்துக்கொள்ளும். கல்லாவில் இருந்த ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தேன். தினமும் புலம்புகிறவள், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவளைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்கு நான் பட்ட பெருமை கொஞ்சமில்லை. ஈஸ்டருக்குப் பிறகு சாப்பிடுகிறேன் என்றேன். அவர் இலையை மூடிக்கொண்டு நேரே எதிர்க்கடைக்குப் போனார்.

"தன் கறிய தானே வாயில வைக்காதவன்கிட்ட நான் இன்னாத்த நம்பி வாங்கறது?"

பின்சந்து வழியாக

ஈஸ்டர் முடிந்து கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். பிள்ளை பெற்றவளுக்கு, காய்ச்சலில் எழுந்தவருக்கு என்று வெள்ளாட்டுக்கறி வாங்குகிறவர்கள், செம்மறியைச் செம்மறி என்றவன் சொன்னால் நம்பலாம் என்று என்னைத் தேடி வந்தார்கள். தொண்டூரிலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். ஸ்டெல்லா கடையை மூடும் பேச்சை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் காலையில் பின்சந்து வழியாக, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓர் அம்மா வந்து நெஞ்செலும்பும் சுவரொட்டி என்கிற மண்ணீரலும் கேட்டார். பார்த்தால் எதிர்க்கடைக்காரரின் மனைவி! சந்தோஷத்தில் நல்ல துண்டாகப் பார்த்து வெட்டினேன். ஏன் என்று அவராகவே சொன்னார்.

"பொண்ணு பிள்ள பெத்திருக்குதுண்ணா, அவளுக்கு நெஜ வெள்ளாடு வேணும். எங்க வூட்டுக்காரர் கேட்டா நான் வரவே இல்லன்னு சொல்லிடுங்க."

தேவ கிருபையால் இவ்வளவு தூரம் பொய் சொல்லாமல் வியாபாரம் பண்ணிவிட்டேன், எதிர்க்கடைக்காரர் மட்டும் என்னிடம் எதுவும் கேட்காமல் இருந்தால் மிச்ச காலத்தையும் ஓட்டிவிடுவேன்.