கழுகின் தலையில் ஓர் ஆன்டெனா

அம்மா இறந்த மூன்றாம் நாள், அவள் வேலை பார்த்த விமானப் பயிற்சிப் பள்ளியின் முதலாளி வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "அன்னைக்குக் கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்க" என்றார்.

இருந்திருக்கலாம். நானும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை அவர் சொல்லக் கூடாது.

அம்மா இருபத்தாறு வருடம் சிறு விமானங்களுக்கு ரேடியோ பொருத்தினாள். விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் எல்லோருக்கும் அவள் 'ரேடியோ அக்கா'. பேச்சில் உப்பு தூக்கல். கையில் எப்போதும் பற்றவைக்கும் ஈயத்தின் வாசம். சோறு பிசைந்தால் அதிலும் அடிக்கும் என்று அப்பா இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் கடைசியாக வேலை பார்த்த விமானம் இரண்டு இருக்கைகள் கொண்டது. முன்பலகையில் இடம் இல்லாததால் ரேடியோப் பெட்டி வாலுக்குள் போகும். விமானியின் எதிரில் உள்ளங்கை அளவுத் திரையும் இரண்டு குமிழ்களும் மட்டும் இருக்கும். ஆன்டெனாவுக்குக் கூரையின் நடுவில் அம்மா சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தாள். அதே கூரையில் முதலாளி புதிதாகப் பள்ளியின் சின்னத்தை வரைய வைத்திருந்தார். சிறகு விரித்த கழுகு. வட்டம் அதன் தலையில் விழுந்தது.

"கழுகு மண்டையில ஓட்டை போடுவீங்களா?"

"கொண்டை வெச்ச கழுகுன்னு நினைச்சுக்குங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சைக்காக அம்மா நான்கு நாள் மருத்துவமனையில் படுத்திருந்தபோது வெளியாள் ஒருவரை அழைத்து, ஆன்டெனாவை வால்பக்கம் வைத்துவிட்டார். புதுப் பெயின்டின் மேலேயே திருகாணி முடுக்கியிருந்தார்கள். ஆன்டெனாவுக்கு விமானத்தின் உலோக உடம்புதான் மறுபாதி. நடுவில் பெயின்ட் இருந்தால் இரண்டும் ஒட்டாது.

நான் செல்போன் கோபுரங்களில் ஆன்டெனா வேலை செய்பவள். மருத்துவமனையிலிருந்து வந்ததும் அம்மாவை ஆட்டோவில் ஹேங்கருக்குக் கூட்டிப் போனவளும் நான்தான். அவள் மீட்டரை இணைத்தாள். ஒன்று காட்டினால் அனுப்பும் சக்தி முழுதும் வெளியே போகிறது என்று பொருள். மூன்றரை காட்டியது. மூன்றில் ஒரு பங்கு பெட்டிக்கே திரும்பி வருகிறது.

"ஏர்போர்ட் கன்ட்ரோல் டவர்ல நல்லாத்தான் கேக்குது" என்றார் முதலாளி.

"டவர் கூப்பிடு தூரத்துல இருக்கு. அதுக்கு ரேடியோ எதுக்கு? கதவைத் திறந்து கத்தினா போதும்." பிறகு என்னிடம், "நீ உள்ள உக்காந்து பேசுற பட்டனை அமுக்கு. பெட்ரோல் முள்ளைப் பாரு" என்றாள்.

கால் டேங்க்தான் இருந்தது. அமுக்கினேன். முள் நிதானமாக ஏறி முழுமையில் நின்றது. விட்டேன், இறங்கியது. திரும்பிய சக்தி வாலுக்குள் ஓடும் கம்பிகளில் ஏறி, அளவுமானியை ஆட்டிவைத்தது.

"பாத்தீங்களா சார்? பேசப் பேச டேங்க் நிறையுது. இனிமே பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டாம்."

பயிற்சிக்கு வருபவர்களில் பாதிப்பேர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். தனியாகப் பறப்பார்கள். டவரோடு பேசும்போது முள்ளைப் பார்த்தால் நம்பிவிடுவார்கள்.

முதலாளி குரலைத் தணித்தார். "நாளைக்கு விளம்பரத்துக்கு இது பறக்குறதை போட்டோ எடுக்க வர்றாங்க. இப்போதைக்குக் கையெழுத்துப் போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம். உங்க ட்ரீட்மென்ட் நம்ம கம்பெனி இன்சூரன்ஸ்லதான் நடக்குது, ஞாபகம் இருக்குல்ல?"

அம்மா விமானத்தின் பதிவேட்டை எடுத்து நின்றபடியே எழுதினாள். *பறக்கத் தகுதியில்லை. ஆன்டெனா பெயின்டின் மேல் பொருத்தப்பட்டுள்ளது. பேசும்போது எரிபொருள் அளவு பொய் காட்டுகிறது.* கீழே கையெழுத்து, உரிம எண், தேதி.

"ஞாபகம் இருக்கு சார்" என்றாள்.

ஆட்டோவில் நான் கத்தினேன். "ஒரு கையெழுத்துதானேம்மா. உன் உசுரை விட அது பெருசா?"

"உன் டவர்ல தப்பு வந்தா போன் கட்டாகும், திரும்பப் போட்டுக்கலாம். வாயை மூடிட்டு வாடி, தலை சுத்துது."

அந்த மாதத்தோடு வேலை போனது, இன்சூரன்ஸ் போனது. அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்றோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற வேண்டிய மருந்து ஐந்து வாரம், ஆறு வாரம் தள்ளிப்போனது. நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவள் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை.

விமானம் நாற்பத்தொரு நாள் ஹேங்கரில் நின்றது. அவள் வரிக்குக் கீழே, பறக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட முதலாளி மூன்று பேரைக் கேட்டார். மூவரும் படித்துப் பார்த்துப் பதிவேட்டை மூடிவிட்டார்கள். கடைசியில் புதிதாகச் சேர்ந்த டெக்னீசியன் அம்மாவுக்கு போன் செய்தார்.

"அக்கா, கூரையில ஓட்டை போடச் சொல்லிட்டார்."

அம்மா வார்டில் கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் போனை அவள் காதருகே பிடித்தேன்.

"உள்பக்கம் தகடு வெச்சு ரிவெட் அடி. ஆன்டெனா உக்கார்ற இடத்துல பளபளன்னு உலோகம் தெரியுறவரைக்கும் பெயின்டைச் சுரண்டு. கழுகைப் பாத்துப் பாவப்படாத."

"உங்க வரியை அடிச்சிடலாமான்னு சார் கேக்குறார்."

"அது அங்கேயேதான் இருக்கும். நீ செஞ்சதைக் கீழ எழுது. அளந்துட்டு எனக்குச் சொல்லு, அப்புறம் கையெழுத்துப் போடு."

மறுநாள் மதியம் செய்தி வந்தது. நான் படித்துக் காட்டினேன். "ஒண்ணு புள்ளி மூணு. முள் அசையலையாம்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "ம்" என்றாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் சுரண்டியிருக்கலாம்."