புளி போட்டுத் தேய்த்த கத்தி

பழைய ஜெர்மன் மடக்குக் கத்திகளைச் சேர்ப்பவன் நான். மான்கொம்புப் பிடி போட்ட ஒன்றுதான் எனக்கு உயிர். எத்தனையோ கைகள் பட்டு, அதன் அலகில் மழைமேகம் போலக் கருமை படிந்திருந்தது. அந்தக் கருமைக்காகவே வாங்கினேன்.

கார்த்திகை தீபத்தன்று என் மனைவி அதையும் குத்துவிளக்குகளோடு சேர்த்துத் தேய்த்துவிட்டாள்.

“புளி போட்டுத் தேச்சேங்க. அழுக்கு எவ்ளோ ஜாஸ்தி தெரியுமா? இப்ப பாருங்க!”

எரிச்சலோடு கத்தியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். ஊரை ஒட்டிய மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மெல்ல இருட்டியது. திடீரென்று ஊரே “அரோகரா” என்றது. கையிலிருந்த கத்தியைத் தற்செயலாகத் திருப்பினேன். அலகுக்குள் மலை மிதந்தது. அதன் உச்சியில் நெல்மணி அளவுக்கு ஒரு சுடர் ஆடியது.

“தீபம் தெரியுதாங்க?” கீழே அகல் ஏற்றிக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

“தெரியுது” என்றேன், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.